நாலடி யன்னல்

அழகரெத்தினம் வானின் பின்கதவைத் திறந்து பார்த்தார், மூடினார். பிறகு நம்பமாட்டாதவர் போல இன்னொரு தரம் திறந்தார்.

"றுக்ஸானா, நாம கொழும்புக்குப் போய்ட்டு வாறமா, அங்கயே குடியேறப் போறமா?"

"ஏன் கேக்குறீங்க?"

"வாளி, பாய், தலகாணி. சோத்துப் பார்சல் மட்டும் ஒரு கந்தூரி விருந்துக்குக் காணும்."

"நீங்க தின்னாம வந்தாச் சரி. கொழும்புச் சோத்த நான் நம்ப மாட்டன். வண்டிய எடுங்க."

கல்முனைக்குடியில் பளீல் ஹாஜியாரின் அலுமினிய யன்னல் கடையில் வேலை செய்கிற நாலு பேரும் ஒன்றாக ஊரை விட்டுப் போவது இதுதான் முதல் தடவை. கொழும்புக்கு வெளியே இருக்கிற ஆலையொன்று உப்புக் காற்றுக்குக் கறுக்காத புது யன்னல் சட்டம் ஒன்றைச் செய்திருந்தது. அதை வெட்டவும் சுவரில் பூட்டவும் பழக்கிவிட ஊர் ஊராகக் கடைக்காரர்களை அழைத்திருந்தார்கள். ஹாஜியாருக்கு முழங்கால் வலி. "நாலு பேரும் போங்க, ஒருத்தருக்கு விளங்காதது மத்தவருக்கு விளங்கும்" என்று சொல்லிக் கடையைப் பூட்டிவிட்டார்.

பாண்டிருப்பு அழகரெத்தினம் வான் ஓட்டுவார், சாமான் ஏற்றி இறக்குவார். றுக்ஸானா ராத்தா கடைக்குள் வந்த ஆளை வாங்காமல் வெளியே விடமாட்டார். ஸம்றா கணக்கையும் ஓடர்களையும் பார்ப்பாள். பஸால் வீடு வீடாகப் போய் அளவெடுப்பான், வெட்டுவான், பூட்டுவான்.

பஸாலின் அளவுக்கு ஒரு பேர் உண்டு. மயிரளவு பிசகாது. அவனுடைய ஞாபகத்துக்கும் ஒரு பேர் உண்டு, அது நல்ல பேர் இல்லை. எடுத்த அளவை அந்த இடத்திலேயே சுவரில் பென்சிலால் எழுதி, போனில் படம் பிடித்து ஸம்றாவுக்கு அனுப்பிவிட்டு, வாசலைத் தாண்டும்போதே மறந்துவிடுவான். காலையில் எந்த ஊருக்குப் போனாய் என்று பின்னேரம் கேட்டால் யோசிப்பான்.

அன்று விடிய வெள்ளாப்பில் முன்சீட்டில் ஏறியதிலிருந்து அவன் ஒன்றும் கதைக்கவில்லை. வீட்டை விட்டு வரும்போது அவனுடைய அலுமாரி வெளி விறாந்தையில் நின்றதுதான் காரணம்.

இந்தக் கிழக்குக் கரையில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணுடைய வீட்டுக்குத்தான் போவான். வீடு பெண்ணுக்கு. பஸாலும் அப்படித்தான் பரீனாவின் வீட்டுக்குப் போனான். பரீனா காய்ச்சலில் மௌத்தான பிறகும் மாமி அவனைப் போகச் சொல்லவில்லை. மகள் நுஸ்ஹா இருந்தாள், அவனும் இருந்தான். இப்போது பரீனாவின் தங்கச்சி அப்னாவுக்குக் கலியாணம் பேசி முடிந்துவிட்டது. புதுமாப்பிள்ளை வரப்போகிற வீட்டில் செத்துப்போன மூத்தவளின் புருசன் எந்த முறையில் இருப்பது? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெயின்ட் அடிக்க என்று அலுமாரியை வெளியே எடுத்தார்கள். பெயின்ட் காய்ந்த பிறகும் அது உள்ளே போகவில்லை.

மாமி கெட்ட மனுசி இல்லை. "புள்ள எங்களோடயே இரிக்கட்டும் மகன், நீங்க வந்து வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். மருதமுனையில் தங்கச்சி வீட்டு மண்டபத்தில் பஸாலுக்கு ஒரு பாய் கிடைக்கும். பெற்ற மகளை விருந்தாளி போல வந்து பார்த்து, பிளேன்டீ குடித்து, எழும்பிப் போகிற வாப்பாவாக இருக்க வேண்டும்.

மஹியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு ஏறத் தொடங்கியதும் பஸால் வாய் திறந்தான்.

"அழகண்ணன், ஓரமா நிப்பாட்டுங்க."

இறங்கிப் போய்ப் பக்கக் கதவைத் திறந்தான். ஸம்றா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளுத்துப்போய் இருந்தாள்.

"முன்னுக்கு வந்து இரிங்க. இந்தத் தேசிக்காய நகத்தால கீறி மணந்துக்கிட்டே வாங்க."

"எனக்குச் சத்தி வருதெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும், பஸால் காக்கா?"

"கண்ணாடியில பாத்தன்."

"அதுதானே!" என்றார் அழகரெத்தினம். "சம்மாந்துற தாண்டினதுல இருந்து பின்னால வாற பஸ் ஒண்டும் எனக்குத் தெரியுதில்ல. கண்ணாடிய ஆரு திருப்பினதெண்டு பாத்தன்."

றுக்ஸானா ராத்தா கெக்கட்டமிட்டுச் சிரித்தார். பஸால் பின்சீட்டில் ஏறி வாளிக்கும் தலையணைக்கும் நடுவில் இடம்பிடித்துக்கொண்டு கொழும்பு வரும்வரை நித்திரை போல நடித்தான்.

தங்கியது வெள்ளவத்தையில், கடலோரத்து விடுதியில். பெண்களுக்கு ஒரு அறை, ஆண்களுக்கு ஒன்று. யன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். பஸால் கைகால் கழுவி வுழுச் செய்துவிட்டு வந்து கடல் எந்தப் பக்கம் என்று பார்த்தான். கடலுக்கு முதுகைக் காட்டித் தொழுகைப் பாயை விரித்துப் பின்னேரத்து அசர் தொழுதான். பிறந்த நாளிலிருந்து அவனுக்குக் கடல் முதுகுப் பக்கம், தொழுகிற திசையான கிப்லா முகத்துப் பக்கம். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

சலாம் கொடுத்துத் திரும்பியபோது அழகரெத்தினம் கட்டிலில் இருந்து தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"தம்பி, நான் சொல்றது சரியோ பிழையோ தெரியா. உங்கட ஆக்கள் மேற்கப் பாத்துத்தானே தொழுறது?"

"ஓம்."

"பொழுது இஞ்சால இறங்குது." கடலைக் காட்டினார்.

பஸால் எழும்பிப் போய்ப் பார்த்தான். சூரியன் கடலுக்குச் சற்று மேலே நின்றது. அவனுடைய ஊர்க் கடலில் காலையில் எழும்புகிற அதே சூரியன், இங்கே விழுவதற்கு வந்திருந்தது.

"முதல்லயே சொல்லக் கூடாதா?"

"தொழுற ஆளோட கதைக்கக் கூடாதெண்டு நீங்கதானே சொல்லித் தந்த."

பாயைத் திருப்பிப் போட்டு முதலிலிருந்து தொழுதான். தேத்தண்ணிக்கு இறங்கும் முன்பே செய்தி பெண்களின் அறைக்குப் போய்விட்டது.

"இவ்வளவு வயசாகி கிப்லா தெரியாத மனிசன்!" என்று றுக்ஸானா ராத்தா படியிலேயே தொடங்கினார். "ஊருக்குப் போய்ச் சொல்லாம விடமாட்டன்."

"நாங்களும் அப்பிடித்தானே தொழுதம், ராத்தா," என்றாள் ஸம்றா. "நீங்கதானே பாய விரிச்ச."

ராத்தா ஒரு படியில் நின்றார். "அல்லாஹ்வே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி மேலே ஓடினார். ஸம்றா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிக்கும்போது சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் கனகாலம் உயிரோடு இருக்கலாம் என்று பஸாலுக்குப் பட்டது. பட்டதை விழுங்கிக்கொண்டான்.

ராத்தாவும் ஸம்றாவும் தொழுகையைத் திருப்பித் தொழுதுவிட்டு வந்த பிறகு, நாலு பேரும் ரயில் பாதைக்கு அப்பால் கல்லில் இருந்து இறால் வடை தின்றார்கள்.

"உங்கட அலுமாரி வெளிய நிக்குதாமே," என்றார் ராத்தா.

"ஆரு சொன்ன?"

"ஊரே சொல்லுது. உண்மையா?"

"ஓம்."

"மறுகா எங்க போற?"

"தங்கச்சிட ஊட்ட."

"நுஸ்ஹா?"

பஸால் வடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமிக்கிட்ட."

அழகரெத்தினம் கையைத் துடைத்தார். "தம்பி, நான் வெட்டொண்டாச் சொல்லவா? இன்னொரு கலியாணத்த முடிங்க. உங்களுக்கும் ஒரு ஊடு, புள்ளைக்கும் ஒரு உம்மா."

"ஊடில்லாத நேரம் பாத்து ஒரு பொம்புளயக் கேட்டா ஊர் என்ன சொல்லும்? இவன் பொம்புளயக் கேக்கல்ல, கூரையக் கேக்கான் எண்டு சொல்லும். ஊர் சொன்னாப் பறவாயில்ல. அந்தப் பொம்புளையும் அப்பிடித்தானே நினைப்பா. நான் அதுக்கு ஆளில்ல."

அவன் கடலைப் பார்த்துச் சொன்னான். ஸம்றா வடையிலிருந்த இறாலைப் பிடுங்கிக் காகத்துக்கு எறிந்தாள்.

"எங்கட ஆளுக்கு மறுபக்கம்," என்று ராத்தா அவளைக் காட்டினார். "ஊடு இரிக்கு, யன்னல் இல்ல. போன மாசம் வந்த மாப்பிள ஊட்டு ஆக்கள் சாக்குத் தொங்குறதப் பாத்துட்டு, யன்னல் பூட்டினாப் புறகு சொல்லி அனுப்புங்க எண்டுட்டுப் போய்ட்டாங்க."

"யன்னலப் பாத்துட்டுப் போறவன் எனக்கு வேணாம், ராத்தா. காகம் பாக்குது, வடையத் தின்னுங்க."

மறுநாள் ஆலையில் முற்பகல் முழுக்கப் பேச்சு. சிங்களத்தில் சொன்னதை ஸம்றா மூன்று பேருக்கும் தமிழில் சொன்னாள். அதற்குப் பிறகு மிசினில் பழக விட்டார்கள். ஒவ்வொரு கடையும் ஒரு வீட்டுக்குத் தேவையான சட்டங்களை வெட்டிப் பொருத்தலாம், பொருத்தியதைக் கொண்டுபோகலாம். ஸம்றா ஹாஜியாருக்குப் போன் எடுத்தாள்.

"யாருட ஊட்டுக்கு வெட்டுறண்டு கேக்குறியா? உன்ட ஊட்டுக்கு வெட்டச் சொல்லு. யன்னல் விக்கிறவள்ட ஊட்டுல சாக்குத் தொங்குறது எனக்குத்தான் வெக்கம்."

மிசினைச் சுற்றிக் குருநாகல், மாத்தறைக் கடைக்காரர்கள் நின்றார்கள். ஸம்றா போனில் எழுதி வைத்திருந்த அளவுகளைச் சொன்னாள்.

"மண்டபம், அஞ்சுக்கு நாலு. குசினி, மூணுக்கு மூணு. முன்னறையும் அஞ்சுக்கு நாலு. கடல் பக்கத்து அறை, ஆறுக்கு நாலு."

பஸாலின் கை நின்றது. அவன் அளந்த கடல் பக்கத்து அறை யன்னல் நாலுக்கு நாலு. ஆறு இல்லை.

சொல்ல வாயெடுத்தான். மாத்தறைக்காரர் ஒருவர் ஏற்கனவே சிரிப்பதற்கு ஆள் தேடிக்கொண்டு நின்றார். சற்று முன் குருநாகல் பெடியன் ஒருவன் தப்பாக அளந்ததற்கு மிசின் நிற்கும்வரை சிரித்தவர். அந்தச் சிரிப்பை ஸம்றாவின் பக்கம் திருப்பிவிட பஸாலுக்கு மனமில்லை. அதற்குள் அவளையும் ராத்தாவையும் கம்பியூட்டரில் ஓடர் போடுவதைக் காட்ட மேல்மாடிக்குக் கூட்டிப் போனார்கள்.

பஸால் நாலடியாக வெட்டினான். மூலை சேர்த்தான், றப்பர் போட்டான், மட்டையால் சுற்றிக் கட்டினான். அவளை ஒரு அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்டோம், அவளுக்கே தெரியாது என்ற சந்தோசம் அவனுக்கு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விசயம் முடிந்திருக்கும். மேல்மாடிக்குப் பத்துப் பன்னிரண்டு படிதான். அவன் ஏறவில்லை.

அடுத்த நாள் திரும்பி வரும் வழி முழுக்க அவன்தான் கதைத்தான். வளைவு இறங்கும்போது பாட்டுக்கூடப் படித்தான். "புதுச் சட்டத்துல என்னவோ கலந்திரிக்கு" என்றார் அழகரெத்தினம்.

சாய்ந்தமருதில் ஸம்றாவின் வளவுக்குள் வான் நுழைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பழைய தகரக் கொட்டிலும், அதற்குப் பக்கத்தில் சாக்குத் தொங்குகிற புது வீடும். அவளுடைய வாப்பா றஸாக் வலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து சட்டங்களை இறக்கக் கைகொடுத்தார். பஸால் கடல் பக்கத்து அறைக்குரியதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

போனவன் அசையாமல் நின்றான்.

யன்னலுக்கு விட்டிருந்த வெளி அவன் ஒரு வருசத்துக்கு முன் அளந்த வெளி இல்லை. வலது பக்கச் சுவரை உடைத்துப் பெருப்பித்து, புதுக் கல் வைத்து, பூசியிருந்தார்கள். இடது பக்கத்தில் அவனுடைய பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. நாலுக்கு நாலு.

ஸம்றா சாக்கைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"இது எப்ப உடைச்ச?"

"நீங்க சொல்லிட்டுப் போய்க் கொஞ்ச நாளால."

"நானா?"

"உங்களுக்கு எங்க நினைவிரிக்கப் போகுது! 'இது அறையா, பெட்டியா? கடல் இந்தப் பக்கம் இரிக்க இவ்வளவு சின்ன ஓட்டைய எந்த மடையன் வெச்ச? உடைச்சு ஆறடியாக்குங்க, இல்லாட்டிப் புழுங்கிச் சாவீங்க.' இதெல்லாம் ஆரு சொன்ன? மேசன் எனக்குப் பைத்தியம் எண்டான். வாப்பா ஒரு கிழமை என்னோட கதைக்கல்ல."

பஸால் பென்சில் எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அதையும் பார்த்தாள்.

"எழுத்த விட்டு வெச்சதுக்கு ஒண்டும் நினைக்க வேணாம். அந்தப் பக்கம் தூண், உடைக்கேலா. சட்டத்த வைங்க, பாப்பம்."

வேறு வழியில்லை. தூக்கி வைத்தான். இடது பக்கம் பொருந்தியது. வலது பக்கத்தில் இரண்டடி வெறுமையாகக் கிடந்தது. அதற்குள்ளால் கடற்காற்று வந்து இருவர் முகத்திலும் அடித்தது.

"ஆறு எண்டுதானே சொன்னன்."

"ஓம்."

"இது நாலு."

"ஓம். நீங்க பிழையாச் சொன்ன எண்டு நினைச்சன். அந்த மாத்தறை ஆள் சிரிப்பான் எண்டு பயந்தன். சொல்லாமப் பறையாமத் திருத்திட்டன்."

"கேட்டா வாய் தேஞ்சிடுமா? ஆரைக் கேட்டுத் திருத்தின? என்ட ஊட்டுட அளவு எனக்குத் தெரியாதா? கணக்குப் பாக்கிறவளுக்கு நாலும் ஆறும் தெரியாதா?" கோபத்தில் அவள் காது சிவந்தது. இன்னும் சொல்ல இருந்தது. திடீரென்று நிறுத்திக்கொண்டாள்.

"நாலு எண்டு உங்களுக்கு ஆரு சொன்ன?"

பஸால் சட்டத்தை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தான்.

"படம் என்ட போன்லதான் இரிக்கு. நீங்க அதக் கேக்கல்ல."

"நினைவிருந்திச்சு."

வாசலில் நிழல் விழுந்தது. றுக்ஸானா ராத்தா இடுப்பில் கைவைத்து நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"முந்தாநாளைக்கு முதல்நாள் காரைதீவுல ஒரு ஊடு அளந்தியே, அதுட மண்டபம் என்ன அளவு?"

பஸால் யோசித்தான். "காரைதீவுக்கா போனன்?"

"இந்த ஊட்டுக் குளிக்கிற அறை?"

"ரெண்டுக்கு ஒண்டரை. மேல் மூலையில ஒரு கல்லு வெளிய நீட்டிக்கிட்டு நிண்டிச்சு, கொத்தச் சொன்னன்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியது.

ராத்தா இருவரையும் ஒரு தரம் பார்த்தார். "அழகரெத்தினம்!" என்று முற்றத்துக்குக் கூப்பிட்டார். "மஹியங்கனையில வாங்கின சோத்துப் பார்சல் மிச்சமிரிக்கு, வாங்க. இவங்களுக்கு அளவு பாக்க இரிக்கு."

அவர் முற்றத்துக்குப் போய்விட்டார். பஸால் சட்டத்தை இறக்கிச் சுவரில் சாத்தினான்.

"புதுசா வெட்டித் தாறன். ஆறடி. இதக் கடைக்குக் கொண்டு போறன், வேற ஆருக்கும் உதவும்."

"வேணாம். இஞ்சயே இரிக்கட்டும்."

"வெட்டின சட்டம் வளராது, ஸம்றா. இத எங்க பூட்டுற?"

அவள் வெளியை எட்டிப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு அது நல்ல இடமாக இருந்தது.

"பக்கத்துச் சுவரோட சேத்து அங்கால ஒரு அறை எடுக்கலாம். பெரிசா வேணாம். நுஸ்ஹாவுக்கு நாலடி யன்னல் காணும்."

பஸாலின் வாயில் முதலில் வந்தது மடத்தனமான வார்த்தை. "ஊர் என்ன சொல்லும்?"

"கூரையக் கேக்கான் எண்டு சொல்லும். நீங்க எங்க கேட்ட? இஞ்ச மாப்பிள கேட்டுப் போறது பொம்புள ஊட்டு ஆக்கள். வாப்பா மருதமுனைக்கு உங்கட தங்கச்சிட ஊட்ட போவார். கேக்குறது நான். சாக்குத் தொங்குற ஊடு, யன்னல் ஒண்டு ரெண்டடி கட்ட. அதுக்கு வர ஏலுமெண்டா வாங்க." குரல் நடுங்கத் தொடங்கியதும் அவள் அதைக் கோபமாக மாற்றிக்கொண்டாள். "ஓமா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. இதயும் பறையாம உங்கட பாட்டுக்குத் திருத்தாதீங்க."

"ஓம்," என்றான் பஸால்.

அது மிகச் சின்னதாகக் கேட்டது. அதனால் இன்னொரு தரம் சொன்னான். பிறகு, "நுஸ்ஹாட்ட ஒருக்காக் கேக்கணும்," என்றான்.

"கேளுங்க. யன்னல் எந்தப் பக்கம் வேணுமெண்டும் கேளுங்க. அவவுக்காவது கேட்டு வெட்டுங்க."

அவளுடைய தோள் இலேசாகக் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று பஸால் பார்க்கவில்லை. பார்த்தால் தானும் கெட்டுப்போவான் என்று தெரிந்தது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, டேப்பின் ஒரு முனையை அவளிடம் கொடுத்தான். அவள் தூண் பக்கத்தில் பிடித்தாள், அவன் புதுப் பூச்சில் வைத்து அளந்தான். ஆறுக்கு நாலு. மயிரளவு பிசகவில்லை. எழுதினான்.

கடற்கரைப் பள்ளியில் மஹ்ரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. றஸாக் வந்து அந்த அறையிலேயே இரண்டு பாயைத் தட்டி விரித்தார். ஆறடி வெளிக்கு முதுகைக் காட்டி, பஸால் அவருக்குப் பக்கத்தில் நின்றான். முதுகில் காற்று அடித்தது.

முற்றத்தில் சோற்றுப் பார்சலோடு இருந்த அழகரெத்தினம் ஒரு தரம் எட்டி, கடலையும் பார்த்தார், பாயையும் பார்த்தார். இந்தத் தரம் திசை சரி. சாப்பாட்டைத் தொடர்ந்தார்.